வர்ஷினிக்கு ஒரு போன்

ரிசீவரைக் காதில் வைத்த ஜானு, தேள் கொட்டினவள் மாதிரி அதைத் தூக்கிப் போட்டாள்.

"டேய் சாய்! போனுக்குள்ள யாரோ கத்தறாடா!"

"எடுக்காதேம்மா! அது என் மோடம்!" என்று உள்ளறையிலிருந்து அலறினான் சாய்சரண். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. போன் வயர் வழியாக ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த அவனுடைய புரோகிராம் நடுவழியில் அறுந்து நின்றது.

"மோடமோ கீடமோ! நாலு நாளா சாயங்காலம் ஒரு போன் வர்றதில்லை. பாவம், வர்ஷினிக்குக்கூட வரலை."

புரோகிராம் போனதைவிட அந்தக் கடைசி வாக்கியம்தான் அவனை வதைத்தது.

மயிலாப்பூரில் அந்தக் குடியிருப்பிலேயே, எல்லோருக்கும் தெரிந்து போன் இருந்தது அவர்கள் வீட்டில் மட்டும்தான். அக்கம்பக்கத்தார் கல்யாணப் பத்திரிகையில்கூட ஜானுவின் நம்பரைப் போட்டு, அடுத்த வீட்டு போன் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்திருந்தார்கள். யாருக்கு அழைப்பு வந்தாலும் ஜானு ஜன்னல் கம்பியில் கரண்டியால் தட்டிக் கூப்பிடுவாள்.

போன மாதம் ஜுரம் வந்து சாய்சரண் ஒரு வாரம் வீட்டில் கிடந்தான். தி. நகர் ஆபீசிலிருந்து எப்போதும் ஊர் அடங்கிய பிறகே திரும்புகிறவனுக்கு, மாலை ஏழு மணிக்குத் தன் வீட்டுக் கூடத்தில் என்ன நடக்கிறதென்று அப்போதுதான் தெரிந்தது. போன் அடிக்கும். கரண்டிச் சத்தம் கேட்கும். மாடி வீட்டுக் கல்யாணராமனின் மகள் வர்ஷினி இறங்கி வருவாள். அடையாறில் இருக்கும் சிநேகிதி மாளவிகாவோடு, சுருள் வயரை விரலில் சுற்றியபடி தணிந்த குரலில் பேசுவாள். போகும்போது வாசற்படியில் ஒரு கணம் நிற்பாள்.

"ஜுரம் தேவலையா?"

"ம்."

கம்ப்யூட்டரோடு மூன்று மொழிகளில் பேசத் தெரிந்தவனுக்கு, அவளிடம் பேச அந்த ஓர் எழுத்துதான் வாய்த்தது.

ஜுரம் இறங்கிவிட்டது. மற்றது இறங்கவில்லை. மேனேஜர் வெங்கடேஷிடம் மன்றாடி, சாயங்கால வேலையை வீட்டிலிருந்தே செய்ய ஒரு மோடம் வாங்கிக்கொண்டு வந்தான். ஏழு மணிக்கு வீட்டில் இருக்கலாம், அவள் வருவாள். மோடம் ஓடினால் போன் வராது, போன் வராவிட்டால் அவளும் வரமாட்டாள் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. இப்படி ஓர் ஓட்டையை ஆபீஸ் வேலையில் விட்டிருந்தால் சீட்டுக் கிழிந்திருக்கும்.

மறுநாள் ஏழு மணிக்கு மோடத்தைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தான். உடனே போன் அடித்தது. பாய்ந்து எடுத்தான்.

"என்னய்யா, லைன் கட்டாயிடுச்சு?" என்றார் வெங்கடேஷ். "நல்லதாப் போச்சு. ஒரு விஷயம் பேசணும்."

அந்த ஒரு விஷயம் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த நேரம் பிடித்துப்போய், அவர் தினமும் கூப்பிட ஆரம்பித்தார். மேலே ஏதோ மணி கணகணவென்று அடித்து ஓய்ந்தது.

"ரிடையர் ஆனதுலேர்ந்து கல்யாணராமனுக்கு பக்தி முத்திடுத்து," என்றாள் ஜானு. "வேளை கெட்ட வேளையில பூஜை மணி!"

ஏழு மணிக்கு எங்கள் பக்கம் போன் வேலை செய்யாது என்று மேனேஜரிடம் ஒரு பொய்யைச் சொல்லி வைத்தான் சாய்சரண். வர்ஷினி மறுபடி வந்தாள். ஆனால் கூடத்தில் அம்மா, டி.வி., டி.வி. பார்க்க வந்த அக்கம்பக்கம். இத்தனை பேர் நடுவே எப்படிப் பேசுவது? போனையே தனியான வராந்தாவுக்குக் கொண்டுபோனால்? நேரே பர்மா பஜாரில் பீர் முஹம்மது கடைக்குப் போய்க் கார்ட்லெஸ் போன் கேட்டான்.

"வராந்தா வரைக்கும் கேக்குமா பாய்?"

"இன்னா சார், வராந்தான்னுக்கினு! மொட்டை மாடி வரைக்கும் எட்டும், எத்துக்கினு போ!"

அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் ஏழு மணிக்கு மாளவிகாவின் அழைப்பு வந்ததும் ஜானு கார்ட்லெஸ்ஸோடு ஜன்னலுக்குப் போய்த் தட்டினாள். எட்டிப் பார்த்த கல்யாணராமன், "அட, வயரே இல்லையே! அவ எதுக்கு இறங்கணும்?" என்று, கீரை வாங்கக் கயிற்றில் இறக்கும் கூடையை இறக்கினார். போன் அதில் உட்கார்ந்து மேலே போயிற்று. பேச்சு முடிந்ததும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையோடு கீழே வந்தது. சாய்சரண் கறிவேப்பிலையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

தினமும் கூடை வந்தது. அவள் வரவில்லை. ஒருநாள் மாடிப்படியருகே எதிர்ப்பட்டாள்.

"பழைய போனே நன்னா இருந்தது," என்றாள்.

"ஏன், இதுல சரியாக் கேக்கலையா?"

அவனை ஒரு பார்வை பார்த்தாள். "நன்னாத்தான் கேக்கறது," என்று விடுவிடுவென்று மேலே போய்விட்டாள்.

பேட்டரிக் கோளாறாக இருக்கும் என்று முடிவு செய்து, சாய்சரண் புது பேட்டரி வாங்கிப் போட்டான்.

அன்று சாயங்காலம் கல்யாணராமன் வந்தார். "சாய், ஞாயித்துக்கிழமை உங்காத்து நாற்காலி நாலு வேணும்டா. பெங்களூர்லேர்ந்து வர்ஷினியைப் பொண்ணு பாக்க வரா."

"தரேன் மாமா."

"மடக்கு நாற்காலி வேண்டாம். பையன் கொஞ்சம் பருமன்."

இனி தாமதிக்க நேரமில்லை. கூடையில் ஏறாத சாதனம் ஒன்று வேண்டும். பீர் முஹம்மது ஆன்சரிங் மெஷினைக் காட்டினார்: நாம் எடுக்காவிட்டால் அதுவே பேசும், எதிராளி சொல்வதை டேப்பில் பிடித்து வைக்கும். சுவரோடு பூட்டிய வயர். கேட்கவேண்டியவள் கீழே வந்தே தீரவேண்டும்! கார்ட்லெஸ் கெட்டுவிட்டதென்று பழைய போனையே மாட்டி, மெஷினையும் பொருத்தினான். ஆனால் வரவேற்புரை பதிய உட்கார்ந்தால் குரல் எழும்பவில்லை.

"தள்ளு, நான் சொல்றேன்," என்று ஜானு அதற்குள் வாயை வைத்து, வழக்கமாகச் சொல்வதையே சொன்னாள்: "ஹலோ, யாரு, மாளவிகாவா? இரும்மா... இதோ வந்துட்டா. பேசு."

சனிக்கிழமை அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக் காத்திருந்தான். ஏழு மணிக்கு போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. மெஷின் எடுத்தது, டேப் சுற்றியது, சிவப்பு விளக்கு மினுக்கியது. சாய்சரண் தானே கரண்டியை எடுத்து ஜன்னலில் தட்டினான்.

வர்ஷினி வந்தாள். வைத்திருந்த ரிசீவரின் சுருள் வயரைப் பழக்கதோஷத்தில் விரலில் சுற்றிக்கொண்டாள். எத்தனை நாளாயிற்று இதைப் பார்த்து! இதோ சொல்லிவிடலாம் என்று அவன் வாயைத் திறந்தபோது, நாற்காலிக்காகக் கல்யாணராமன் உள்ளே வந்தார். பின்னாலேயே கோயில் குங்குமத்தோடு ஜானுவும் வந்தாள்.

"உனக்கு ஒரு மெசேஜ் இருக்கு," என்று மட்டும் சொல்ல முடிந்தது. "மாளவிகா பேசினதை இது பிடிச்சு வெச்சிருக்கு."

வர்ஷினியின் முகம் வெளுத்தது. "எல்லாத்தையுமா?"

"ஒரு எழுத்து விடாம."

"வேண்டாம்! நான் அவளுக்கு அப்புறம் பண்ணிக்கறேன்."

"அப்புறம் பண்ணணும்னாலும் இங்கேதானே வரணும்?" என்றாள் ஜானு. "போடுடா சாய், இது எப்படித்தான் பேசறதுன்னு நானும் பாக்கறேன்."

கல்யாணராமன், பருமனான பெங்களூர்ப் பையனுக்குத் தாங்குமா என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். வர்ஷினி சட்டென்று கையை நீட்டினாள். அவளுக்கு விசை தெரியவில்லை போலும் என்று எண்ணிய சாய்சரண், முந்திக்கொண்டு சத்தத்தை முழுக்கத் திருப்பி, பொத்தானை அழுத்தினான்.

"வர்ஷினி, இனிமே என்னால முடியாதுடி! உங்காத்துக்கு போன் வந்து ஆறு மாசமாச்சு, தெருவே பேச வந்துடும்னு உங்கப்பா அதைப் பூஜை அலமாரியில ஒளிச்சு வெச்சிருந்தாலும் நான் அதுலயே பண்ணிக்கறேன். கீழாத்து மாமி பையன் ஜுரத்துல படுத்தப்போ, 'தினம் அந்த நம்பருக்கே பண்ணு, அப்பதான் அவரைப் பாக்க முடியும்'னு ஆரம்பிச்சே, நாளைக்கு பெங்களூர்லேர்ந்து பொண்ணு பாக்கவே வரா, அந்த மனுஷன் இன்னிக்காவது 'ம்'முக்கு மேல ஒரு வார்த்தை பேசினாரா, இல்லையா?"