ஆறு மணிக் கம்பெனி

அடுத்தவர் வளர்ச்சியைப் பார்த்து வயிறு எரிந்ததே இல்லை என்று ஒருவர் சொன்னால், அவருக்குப் பக்கத்துத் தோட்டம் இல்லை என்று பொருள். எனக்கு இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் என் தம்பியின் மருமகள் செல்வி, ஒரு தகரக் கொட்டகையில் மாங்காய் வத்தல் கம்பெனி நடத்துகிறாள்.

மாந்தோப்புகள் நிறைந்த எங்கள் முதலமடையில் காற்றுக்கு விழுந்த காயை வியாபாரி தொடமாட்டான். மண்ணுக்குத்தான் உரம். அந்தக் காயைச் செல்வி வாங்கினாள். ஊர்ப் பெண்களை வைத்து நறுக்கி, உப்பிட்டு, காயவைத்து, கொச்சி வரை அனுப்பினாள். நான் தினமும் மாடியில் நின்று அவள் வாசல் ஸ்கூட்டர்களை எண்ணுவேன். (ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு வேறென்ன வேலை?) ஏழு பதினொன்றாகி, பதினொன்று பத்தொன்பதான அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "செல்வியால நாலு ஊட்டுல அடுப்பெரியுது" என்று ஊரே சொன்னது. என்னால் எரிந்தது என் வயிறு ஒன்றுதான்.

போன கோடையில் பெருங்காற்று. என் தோட்டத்தில் பாதிக் காய் தரையில்.

"செல்விகிட்டக் குடுத்துருங்க" என்றாள் என் மனைவி சரஸ்வதி.

கொடுப்பேனா? அத்தனையையும் மோட்டார் ரூமில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினேன். நானும் கம்பெனி தொடங்கிவிட்டேன். முதலில் போர்டு, அப்புறம் ரிப்பன், வாடகைக்கு இருபது நாற்காலி. (கத்தி வாங்க மறந்தது பிறகுதான் தெரிந்தது.) செல்வி தருவதைவிடக் கூலி அதிகம், வேலை காலை ஆறு முதல் மாலை ஆறு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

திறப்பு விழாவுக்குச் சரியாக ஆறு மணிக்கு ஒரு நாய் வந்தது. மறுநாள் அதுவும் வரவில்லை. அதற்கடுத்த நாள் ஈ வந்தது, அதன் பின்னாலேயே நாற்றமும். தம்பி வேலியருகே மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணா, உள்ள என்னமோ செத்துக் கெடக்குதுங்க" என்றான்.

ஆட்களைச் செல்விதான் மறிக்கிறாள் என்று முடிவுகட்டி அவள் கொட்டகைக்குள் நுழைந்தேன். மூலையில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"என் ஆளுகளை ஏம்மா தடுக்கற?"

"நானுங்களா மாமா? எத்தன மணிக்கு வரச் சொன்னீங்க?"

"ஆறுக்கு."

நறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி தலை நிமிராமல் கேட்டாள்: "அப்ப எங்க புள்ளைகளுக்கு நீங்க வந்து சோறு ஊட்டி உடுவீங்களாங்க சார்?"

கொட்டகையே சிரித்தது. அங்கே பள்ளி வண்டி போனபின் வேலை தொடங்கும்; வண்டி திரும்புமுன் முடிந்துவிடும். இவ்வளவுதான் சூட்சுமம்.

சிரித்தவர்களில், தலையில் வலைத்தொப்பி மாட்டிய ஒருத்தியின் சிரிப்பு எனக்குப் பழகிய சிரிப்பு. சரஸ்வதி.

"கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போனியே?"

"கோயில் வழியிலதானுங்க இருக்குது."

"உனக்கு இங்கே என்ன வேலை?"

"உப்புப் போடறது நானுங்க. ஊட்டுல உப்பு ஜாஸ்தின்னு கல்யாணம் ஆன நாள்ல இருந்து சொல்றீங்க. இங்க அதையே பாக்கெட் போட்டு விக்கறாங்க."

அன்று வேலை முடிந்ததும் அந்தப் பெண்களே வந்து, தேறிய காயைப் பொறுக்கிச் செல்வியின் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். தேறியது இரண்டு கூடை. மற்றதெல்லாம் உரக்குழிக்குள். குழிக்கு மூடி, என் போர்டு.

இன்றும் வீட்டில் பழத்தோல் விழுந்தால் பேத்தி கேட்பாள்: "தாத்தா, கம்பெனில போட்டுட்டு வரட்டுங்களா?"

ஸ்கூட்டர் எண்ணுவதை நான் விடவில்லை. இப்போது இருபத்திரண்டு. கடைசியில் நிற்கும் நீல நிறம் சரஸ்வதியுடையது. சந்தைக்குப் போகும்போது என்னைப் பின்னால் ஏற்றிக்கொள்கிறாள்.