பெரியவருக்கு உடம்பு நன்றாகவே இருக்கிறது

பாசமும் மரியாதையும் நிறைந்த அக்காவின் சமூகத்துக்குத் தம்பி பணிவுடன் எழுதிக்கொண்டது. நானும் என் மகளும் இங்கே சுகமாக இருக்கிறோம். தாங்களும் அத்தானும் அத்தானின் முழங்காலும் அதேபோல் இருக்க வேண்டுகிறேன். தங்கள் வாழ்த்துக் கடிதம் கிடைத்து மகிழ்ந்தேன். அதில் ஒரு சிறு திருத்தம் செய்ய வேண்டியிருப்பதால் இந்தப் பதிலைக் கொஞ்சம் நீட்டி எழுதும்படி ஆகிவிட்டது.

என் மகள் கண்டக்டர் என்று நான் எழுதியது உண்மை. ஆனால் அது பஸ் கண்டக்டர் அல்ல. எனவே வெளியூர் வண்டியில் போட்டால் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றும், படிக்கட்டில் நிற்பவர்களோடு வாய் கொடுக்க வேண்டாம் என்றும் தாங்கள் எழுதியிருந்த யோசனைகள் அவளுக்கு நேரடியாக உதவாது. இருந்தாலும் படித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, அத்தை சொல்வதில் பாதி தன் வேலைக்கும் பொருந்தும், முக்கியமாக எல்லோரும் ஏறின பிறகுதான் விசில் ஊத வேண்டும் என்பது, என்றாள்.

இவள் வேலை என்னவென்றால், ஒரு பெரிய மேடையில் நூறு பேர் வயலின், புல்லாங்குழல், டிரம்பெட், அண்டா வாயில் தோல் கட்டின மாதிரி பெரிய செப்புப் பறை என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு எதிரே, ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் ஒரு மெல்லிய குச்சியோடு ஒருத்தர் நிற்பார். அத்தனை பேரில் ஒரு சத்தமும் போடாத ஆள் அவர் ஒருத்தர்தான், அக்கா. பெரிய சம்பளமும் முதல் கைதட்டலும் அவருக்குத்தான். இது என்ன நியாயம் என்று நானும் கேட்டேன். அதற்கு நம்ம பொண்ணு, "அவங்க எல்லாரும் மூச்சு எடுக்கிறதுக்கு ஒரு நொடி முன்னாடி நான் எடுக்கணும்பா. அவ்வளவுதான் வேலை. ஆனா அது தப்பினா எல்லாம் தப்பிடும்" என்றாள். வீடு வீடாக ஏறி மின்சார மீட்டர் பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு இது புரிய ஒரு வாரம் ஆச்சு. உனக்குச் சீக்கிரம் புரியும், நீ எப்பவும் என்னைவிடக் கெட்டிக்காரி.

பயிற்சியை நீ பார்க்கணும். மற்றவங்க வயலினை எடுத்து வாசிச்சுப் பழகலாம், இவள் நூறு பேரை எங்கே கொண்டுவந்து வீட்டில் உட்கார வைப்பாள்? அதனால் விடிஞ்சதும் சமையலறையில் நின்னுக்கிட்டு ஸ்வரம் எழுதின தாளைப் பார்த்துக் கை வீசுவாள். ஃபிரிட்ஜ் இருக்கிற பக்கம் வயலின், அடுப்புப் பக்கம் டிரம்பெட், பாத்திரம் கழுவுற தொட்டிதான் பறை. வந்த முதல் நாள் நான் கொசு என்று நினைச்சு ஜன்னலை எல்லாம் சாத்தினேன். இன்னொரு நாள் பேப்பர் படிச்சுக்கிட்டே அரசாங்கத்தைத் திட்டிக்கிட்டிருந்தேன், அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது உள்ளங்கையை மெதுவா என் பக்கம் தாழ்த்தினாள், என் குரல் தானாக இறங்கிப்போச்சு. உங்க வீட்டுக்கு அவளைக் கூட்டிட்டு வந்தா அத்தானுக்குக்கூட அப்படி ஒரு கை காட்டச் சொல்லலாம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்த இசைக்குழுவுக்குத் தலைமைக் கண்டக்டர் ஒருத்தர் இருக்கார். எல்லாரும் பெரியவர்னுதான் சொல்வாங்க. நம்ம பொண்ணு அவருக்கு உதவிக் கண்டக்டர். அப்படின்னா என்ன வேலைன்னா, ஒவ்வொரு ஒத்திகையிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து டிரம்பெட் ஜாஸ்தியா, வயலின் கேட்குதான்னு அவருக்குச் சொல்றது, அவர் நடத்தப்போற அத்தனையும் மனப்பாடமாத் தெரிஞ்சு வெச்சிருக்கிறது, அவருக்கு ஒருநாள் உடம்பு முடியலைன்னா மேடை ஏறுறது. ஏறினாத்தான் நாலு பேர் பார்ப்பாங்க, பார்த்தாத்தான் வேற ஊர்க் குழுவில் கூப்பிடுவாங்க, கூப்பிட்டாத்தான் தலைமை வேலை. இந்தத் தொழிலில் மேலே வர்றதுக்கு இது ஒண்ணுதான் வாசல். சங்கடம் என்னன்னா, பெரியவருக்கு உடம்பு முடியாமப் போறதே இல்லை. கை வீசி வீசி நெஞ்சு இரும்பாயிடுமாம், இந்த வேலைக்காரங்க எல்லாருமே நல்லா வயசாகி வாழ்றாங்களாம். இவளுக்கு முன்னாடி இருந்த உதவிக் கண்டக்டர் ஒருத்தர் காத்துக் காத்து இப்போ பியானோ கடை வெச்சிருக்கார். அதுக்கு முன்னாடி இருந்த அம்மா பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஸ்வரம் சொல்லித்தர்றாங்க. இவளோட ஒப்பந்தமும் இந்த வருஷக் கச்சேரிகளோட முடியுது.

போன வாரம் வரைக்கும் இவளுக்கு மேடைன்னு இருந்தது ஆஸ்பத்திரி ஊழியர்களோட பாடகர் குழு மட்டும்தான். நர்ஸுங்க, ஆம்புலன்ஸ் டிரைவர், எக்ஸ்ரே எடுக்கிறவர், துணி வெளுக்கிற பிரிவுல நாலஞ்சு பேர், வேலை முடிஞ்சு ஒரு வகுப்பறையில் கூடிப் பாடுவாங்க. கீழ்க்குரலுக்கு ஆள் போதலைன்னு என்னையும் பிடிச்சு நிறுத்தினாள். எல்லாரும் நிறுத்தின இடத்தில் நான் மட்டும் நிறுத்தலை, கண்ணை மூடிக்கிட்டு உருகிப் பாடிக்கிட்டே இருந்திருக்கேன். கண்ணைத் திறந்தா ஆம்புலன்ஸ் டிரைவர் என் நாடியைப் பிடிச்சுப் பார்த்துக்கிட்டிருக்கார். அன்னையிலிருந்து எனக்கு நாற்காலி அடுக்குற வேலை.

பெத்த மனசு சும்மா இருக்குமா, அக்கா? ஒத்திகைக்கு அவளோட போகும்போதெல்லாம் பெரியவரைப் பார்த்தா, உடம்பு எப்படி இருக்குங்கன்னு கேட்பேன். மரியாதைக்குத்தான் கேட்டேன். நல்லா இருக்கேன்னு சொல்வார். ராத்திரி தூக்கம் வருதாங்க, படி ஏறினா மூச்சு வாங்குதாங்க, இந்தக் குளிர் சளியைக் கொடுக்குமேன்னு நானும் கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் பறை வாசிக்கிறவர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, நீங்க டாக்டரா, இல்லே இன்ஷூரன்ஸ் ஆளான்னு கேட்டார். அதுக்கு நடுவில் ஒரு ஒத்திகையில் என் போன் வேற அடிச்சுத் தொலைச்சது. அதுவும் எல்லாரும் ஒரே மௌனமா நிக்கிற இடமாம். முன்வரிசை வயலின்காரர் என் ரிங்டோனை அப்படியே திருப்பி வாசிச்சார், மொத்தக் குழுவும் சிரிச்சுது, பெரியவர் மட்டும் சிரிக்கலை. அதனால் போன சனிக்கிழமைக் கச்சேரிக்குக் கிளம்பும்போது பொண்ணு என் போனை வாங்கி வீட்டு அலமாரியில் வெச்சுப் பூட்டிட்டாள்.

சனிக்கிழமைதான் இந்த வருஷத்தின் கடைசிப் பெரிய கச்சேரி. என்னைக் கீழே ஒரு சீட்டில் உட்கார வெச்சு, அசையக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாள். பாத்ரூம் போறது அசையுறதில் சேராதுன்னு நான் எழுந்தேன். யாரோ வழி சொன்னாங்க, ஒரு மாடி ஏறினேன், இன்னொரு மாடி ஏறினேன், பாத்ரூமைக் கண்டுபிடிச்சேன், திரும்புற வழியைத் தொலைச்சேன். நீளமா ஒரு நடை, ரெண்டு பக்கமும் பூட்டின கதவு. கடைசியில் ஒரு பழைய மர லிஃப்ட், கதவு திறந்து நிக்குது. உள்ளே பெரியவர். கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கையில் குச்சி. கீழே மேடைக்குப் போறார். நானும் ஏறிக்கிட்டேன். உடம்பு எப்படி இருக்குன்னு கேட்கலாம்னு வாயைத் திறந்தேன், லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவில் நின்னுபோச்சு.

எனக்கும் அந்த லிஃப்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை அக்கா, அத்தான் தலையில் அடிச்சுச் சத்தியம் பண்றேன். ஆனா அந்த நிமிஷத்தில் பெரியவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே. "நீங்கதானே தினமும் என் உடம்பை விசாரிக்கிறவர்?" என்றார். ஆமாம்னேன். அப்புறம் அவர் பொத்தான் எல்லாம் இருக்கிற பலகைப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நின்னார். நான் அபாய மணியை அடிக்கப் போனேன், கையைப் பிடிச்சுத் தடுத்துட்டார். மணி அடிச்சா அரங்கத்துக்குள்ளே கேட்குமாம், வந்திருக்கிறவங்களுக்கு இடைஞ்சலாம், காவல்காரர் எப்படியும் சுத்தி வருவாராம். அந்த நிலைமையிலும் கலைமேல அவருக்கு இருந்த பக்தியைப் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. கச்சேரி நாளில் போனைக் கையால் தொடுறதில்லை என்பதும் அவர் வழக்கமாம்.

லிஃப்டுக்குச் சுவர் ஒட்டினாப்பிலே மேடை. வெளியே அவரைத் தேடி ஓடுற காலடிச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுது. நான் குரல் கொடுக்க வாயெடுத்தா அவர் விரலை உதட்டில் வெச்சார். அப்புறம் திடீர்னு கைதட்டல். "உங்க பொண்ணு மேடை ஏறிட்டா" என்றார். அவள் அங்கே சாதாரணச் சட்டையில்தான் போயிருந்தாள், புல்லாங்குழல்காரர் தன் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டாராம். அவர் ஆறடி ஆளு. கை ரெண்டையும் மடிச்சுவிட்டு ஏறியிருக்காள். வேகமான இடத்தில் வலது கை மடிப்பு அவிழ்ந்து குச்சியை முழுங்கிடுச்சாம், மிச்சத்தை இடது கையாலேயே நடத்தினாளாம். இதெல்லாம் பிறகு தெரிஞ்சது. எங்களுக்குச் சுவர் வழியா வந்தது பாட்டு மட்டும்தான்.

பெரியவர் முதலில் நின்னுக்கிட்டே கூடக் கை வீசினார். இங்கே தாமதம், இங்கே சரி, டிரம்பெட் அடங்குதுன்னு முணுமுணுத்தார். நடுவில் மெதுவான பகுதி ஒண்ணு வந்துது. அதில் அவர் கை ஒரு பக்கம் போகுது, பாட்டு ஒரு பக்கம் போகுது. கையை இறக்கிட்டார். அப்படியே லிஃப்ட் தரையில் உட்கார்ந்துட்டார், அந்தக் கறுப்புக் கோட்டோட. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு, "நான் இதை இவ்வளவு மெதுவா நடத்தினதே இல்லை" என்றார்.

தப்பா நடத்துறாளான்னு கேட்டேன்.

"இல்லை" என்றார். கண்ணை மூடிக்கிட்டார். எனக்குப் பாட்டு தெரியாது அக்கா, ஆனா நூறு பேர் ஒண்ணா மூச்சு எடுக்கிறது அந்தச் சுவர் வழியாக் கேட்டுது. அதுக்கு ஒரு நொடி முன்னாடி என் பொண்ணு எடுத்திருப்பாள்னு நினைச்சேன். நானும் எடுத்தேன்.

காவல்காரர் வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்து எங்களைத் தூக்கிவிட்டப்போ கடைசிக் கைதட்டல் நடந்துக்கிட்டிருந்தது. மேடை ஓரத்துக்கு ஓடினோம். அவள் பெரியவரைப் பார்த்ததும் முகம் வெளுத்து நின்னுட்டாள். அவர் குச்சியால் குழுவைக் காட்டினார். வாசிச்சவங்களை எழுந்து நிக்கச் சொல்ல மறந்திருக்காள். கை காட்டினாள், நூறு பேரும் எழுந்தாங்க. மேல் வரிசையில் ஆஸ்பத்திரிக்காரங்க மொத்தமும் எழுந்து ஆம்புலன்ஸ் மாதிரியே சத்தம் போட்டாங்க. வேற ஊர் இசைக்குழுவோட மேலாளர் அன்னைக்கு அரங்கத்தில் இருந்திருக்கார். ஒரு கச்சேரி நடத்திக் காட்டு, பிடிச்சா தலைமையே உனக்குத்தான்னு திங்கட்கிழமை கூப்பிட்டுச் சொல்லிட்டார்.

இதில் எனக்கு ஒரே ஒரு மனக்கஷ்டம். லிஃப்டை நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. பறைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். சொந்தப் பொண்ணே, "உண்மையைச் சொல்லுங்கப்பா, நான் கோபப்பட மாட்டேன்" என்கிறாள். உன் தம்பி அப்படிப்பட்டவனா? தற்செயலா நடந்தது, கடவுள் பார்த்து நடத்தினது, அவ்வளவுதான். அவள் காலூன்றிட்டாள், இனி எனக்கு இங்கே வேலை இல்லை. வியாழக்கிழமை வண்டியில் கிளம்பி வர்றேன். ஸ்டேஷனுக்கு அத்தானை அனுப்ப வேண்டாம், அவர் முழங்காலை நான் வந்து பார்த்துக்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கங்களையும், சிறியவர்களுக்கு என் ஆசிகளையும், இரண்டிலும் சேராத அத்தானுக்கு என் அன்பையும் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கவும்.

என்றும் தங்கள் சொல் தட்டாத,
தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்த பிறகு ஒரு சங்கதி. லிஃப்ட் இறங்க ஆரம்பிச்சதும், கையில் இருந்த துணிப்பையை எங்கே மாட்டலாம்னு பார்த்தேன். பொத்தான் பலகையில் சின்னதா ஒரு சிவப்புக் கைப்பிடி நீட்டிக்கிட்டிருந்தது. மாட்டினேன். கொஞ்சம் கீழே இறங்குச்சு. கொக்கின்னா அப்படித்தான் இறங்கும்னு விட்டுட்டேன், பையையும் அங்கேயே மறந்துட்டேன். லிஃப்ட் ரிப்பேர்க்காரர் வந்து, எந்தக் கோளாறும் இல்லை, யாரோ நிறுத்துற பிடியை இழுத்திருக்காங்கன்னு சொன்னாராம். பெரியவர் உடனே, என் முழங்கை பட்டுடுச்சுன்னு சொல்லிட்டாராம். இப்போ பொண்ணு ஒத்திகை முடிஞ்சு வந்தாள், கையில் என் பை. பெரியவர் கொடுத்தனுப்பினாராம். அந்த ஊர் மேலாளர் இன்னொரு தடவை இவளைப் பார்க்க வர்றாராம், அடுத்த சனிக்கிழமை பெரியவர் நடத்துற சின்னக் கச்சேரி ஒண்ணு இருக்காம், உங்க அப்பா இந்தப் பையோட கட்டாயம் வருவார்தானேன்னு கேட்டாராம். எதுக்குப்பா கேட்கிறார்னு அவளுக்குப் புரியலை. ஆகவே வியாழக்கிழமை நான் வரவில்லை.