செவ்வாயும் வெள்ளியும்

"இன்னிக்குத் திங்கட்கிழமை சார், அதான்," என்றார் டாக்டரம்மா, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"செல்லுக்குக் கிழமை தெரியுமாம்மா?" என்று கேட்டார் துறைத் தலைவர்.

தெரியாதுதான். பதினோரு வருடமாக டி.என்.ஏ.வோடு குடித்தனம் நடத்தும் டாக்டரம்மாவுக்கா அது தெரியாது? ஆனால் தட்டு நிறையப் பச்சைப் புள்ளிகள் மினுக்கிக்கொண்டு கிடக்கும்போது வேறு எதைத்தான் சொல்வது?

விஷயம் இதுதான். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீளமான இழையை நூல்கண்டு மாதிரி இறுக்கிச் சுற்றி வைத்திருக்கிறது. அந்தக் கண்டுக்குக் குரோமாட்டின் என்று பெயர். இழை எங்காவது பழுதானால் சரிசெய்ய ஆட்கள் ஓடி வருவார்கள். கண்டு இறுகிக் கிடந்தால் பாவம், உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே நிற்பார்கள். கண்டைத் தளர்த்திவிடும் ஒரு புரதத்தை டாக்டரம்மா பிரித்தெடுத்திருந்தார். அந்தப் புரதத்தைக் கொடுத்துவிட்டால், புற ஊதா விளக்கில் பத்து நிமிடம் வாட்டினாலும் செல்கள் ஒரு மணி நேரத்தில் தம்மைத் தாமே பழுது பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. பழுது இருந்தால் பச்சைப் புள்ளி தெரியும். சரியாகிவிட்டால் தெரியாது.

கட்சி என்னவோ பலிக்கத்தான் செய்தது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பலித்தது.

"விளக்குல கோளாறு இருக்குமோ?"

"இல்ல சார். விளக்குப் பெட்டிக்குள்ள ஒரு தட்டுக்குத்தான் இடம். அதனால புரதம் கொடுக்காத தட்டைக் காலையில ஒன்பது மணிக்கே வாட்டி எடுத்துடுவேன். அது ஒரு நாள் தப்பாம பச்சையாத்தான் இருக்கு. பதினோரு மணிக்கு வெக்கற புரதத் தட்டுதான் கிழமை பார்க்குது."

தலைவர் பெருமூச்சு விட்டார். "வெள்ளிக்கிழமை ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கற குழு கூடுது. அன்னிக்கு நான் கூட இருந்து என் கண்ணால பார்க்கணும். புள்ளி இல்லேன்னா மூணு வருஷம் நீட்டிப்பு. இருந்துச்சுன்னா இந்த அறையைப் பக்கத்துல பூஞ்சை வளர்க்கறவங்களுக்குக் கொடுத்துடுவாங்க. என் கையில ஒண்ணுமில்ல."

பதினோரு வருட உழைப்பு பூஞ்சை பிடித்துப் போவதா?

செவ்வாய், வெள்ளியில் அப்படி என்னதான் விசேஷம் என்று உட்கார்ந்து பட்டியல் போட்டார். அந்த இரண்டு நாளும் அவர் போடுவது பொத்தான் அறுந்த பழைய கோட்டு. விளக்கைப் போட்டுவிட்டு தாழ்வாரத்தின் மறுகோடி நாற்காலியில் டீயோடு காத்திருக்கும் பத்து நிமிடத்தில் கணவர் போன் செய்வார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். செவ்வாயும் வெள்ளியும்தான் அந்த நேரத்தில் அவருக்கு வகுப்பு கிடையாது. போன் செய்தால் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி ஒரு பாட்டம் சண்டை நடக்கும்.

மறுநாள் செவ்வாய். எதுவும் குறுக்கே வந்துவிடக் கூடாது என்று கதவில் கொட்டை எழுத்தில் 'யாரும் உள்ளே வரக் கூடாது' என்று எழுதி ஒட்டினார். பழைய கோட்டைப் போட்டுக்கொண்டார். ஐஸ் கடன் கேட்க வந்த பூஞ்சைக்காரர், தபால் கொண்டு வந்தவர், பெருக்க வந்த அம்மா எல்லாரும் அதைப் படித்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்கள். கணவரும் சொல்லி வைத்தாற்போலப் போன் செய்தார்.

தட்டைப் பார்த்தால் பச்சைப்பசேல்!

கையில் இருந்த செவ்வாயும் போயிற்று. தலையில் கை வைத்துக்கொண்டு யோசித்தவருக்குப் பொறி தட்டியது. இன்று சண்டையே நடக்கவில்லையே! ஞாயிற்றுக்கிழமை கணவர் குழாயைச் சரிசெய்துவிட்டார். அதனால் போனில், "சாப்பிட்டியாம்மா?" என்று தேனாகப் பேசிவிட்டு வைத்துவிட்டார்.

கோட்டும் இல்லை, டீயும் இல்லை. சண்டைதான் காரணம்! படித்தவர் நம்புகிற விஷயமா இது என்று கேட்காதீர்கள். முழுகுகிறவருக்குப் படிப்பாவது, பட்டமாவது.

புதன்கிழமை பதினோரு மணிக்கு விளக்கைப் போட்டதும் அவரே கணவருக்குப் போன் செய்தார்.

"ஏங்க, கொஞ்சம் சண்டை போடுங்களேன்."

"என்னது?"

"குழாய் ஒழுகுதுன்னு திட்டுங்க. போன வாரம் திட்டினீங்களே, அதே மாதிரி."

"அதைத்தான் சரிபண்ணிட்டேனே. நான் வகுப்புல இருக்கேம்மா."

"சும்மாவாவது கோபப்படுங்க. உங்களுக்கு அது என்ன கஷ்டமா?"



"ஓஹோ. அப்ப நான் எப்பப் பார்த்தாலும் எரிஞ்சு விழறவன், அப்படித்தானே?"

"ஐயோ, அப்படிச் சொல்லல..."

போன் வைக்கப்பட்டுவிட்டது. சண்டை வந்தது என்னவோ வாஸ்தவம்தான். தட்டு மட்டும் பச்சையாகவே இருந்தது. சாயந்திரம் வீட்டில் கணவர் வாயே திறக்கவில்லை.

குழாய் சம்பந்தப்பட்ட சண்டையாக இருந்தால்தான் வேலை செய்யுமோ? வியாழக்கிழமை காலையில் கணவர் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, டாக்டரம்மா ஸ்பேனரை எடுத்துச் சமையலறைக் குழாயை அரைச் சுற்று தளர்த்தினார். அரைச் சுற்றுதான். குழாய் கழன்று கையோடு வந்துவிட்டது. கணவர் ஈரத் தலையோடு ஓடி வருவதற்குள் அடுப்படியில் கணுக்கால் தண்ணீர்.

நடந்ததைச் சொல்லித் தீர்த்தார் டாக்டரம்மா. கணவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உலகத்துல இருக்கற பழுதையெல்லாம் ஆராயறவ, வீட்டுல நல்லா இருந்த ஒண்ணைப் பழுதாக்கியிருக்கே," என்று நிதானமாகச் சொன்னார். "எனக்கு மனசு ஆறணும். ரெண்டு நாள் அக்கா வீட்டுல இருந்துட்டு வரேன்."

சொன்னபடி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றைக்கும் தட்டு பச்சைதான். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று ஆயிற்று டாக்டரம்மாவின் நிலை.

வெள்ளிக்கிழமை அவர் எதையும் பார்க்கவில்லை. கைக்குக் கிடைத்த கோட்டை மாட்டிக்கொண்டார். போனை அணைத்து மேஜைக்குள் போட்டார். போவது போகட்டும் என்ற நிலைக்கு வந்திருந்தார்.

பத்தரை மணிக்கு வந்த தலைவர் கதவைப் பார்த்து நின்றார்.

"யாரும் வரக் கூடாதா? என்னையும் சேர்த்தா?"

"ஐயோ, உங்களை இல்ல சார்!" என்று டாக்டரம்மா அவசர அவசரமாகத் தாளைக் கிழித்தெடுத்துக் கசக்கினார்.

பதினோரு மணிக்குத் தட்டைப் பெட்டிக்குள் வைத்தார். விளக்கைப் போட்டார். தலைவரின் அறைக்குப் போய் இருவரும் டீ குடித்தார்கள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து விளக்கை அணைத்துத் தட்டை எடுத்தார்கள். அப்புறம் ஒரு மணி நேரம். தலைவர் பேப்பரில் மூழ்கிவிட்டார். டாக்டரம்மா கணவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் தலைவர்தான் முதலில் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒரு புள்ளிகூட இல்லையேம்மா!"

டாக்டரம்மாவும் பார்த்தார். கும்மிருட்டு. அவர் ஆயுளில் பார்த்த மிக அழகான இருட்டு அதுதான்.

தலைவர் அங்கேயே நின்று குழுவுக்குப் போன் செய்தார். "என் கண்ணாலயே பார்த்துட்டேன். சந்தேகமே இல்ல. மூணு வருஷம் போட்டுடுங்க." போனை வைத்துவிட்டுச் சிரித்தார். "கிழமையாவது, கோட்டாவது! மனசை லேசா விட்டீங்க, நடந்துடுச்சு."

அவர் போனதும் டாக்டரம்மா கணவரை அழைத்தார். "ஜெயிச்சுட்டேங்க."

"எனக்குத் தெரியும்," என்றார் கணவர். "சாயந்திரம் வந்துடறேன். வர்ற வழியில புதுக் குழாய் வாங்கிட்டு வரேன். நீ மட்டும் ஸ்பேனர் பக்கம் போகாதே."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அழுதார். குப்பைக்கூடையை எடுக்க வந்த பெருக்குகிற அம்மா அதைப் பார்த்துப் பதறிப்போனார்.

"என்னம்மா ஆச்சு?"

"நல்லதுதாம்மா. எனக்கு இன்னும் மூணு வருஷம் கொடுத்துட்டாங்க. இனிமே யாரையும் உள்ள வராதேன்னு சொல்ல மாட்டேன்."

"அப்பாடா!" என்றார் அந்த அம்மா. "வாரத்துல ரெண்டே நாள்தான் இந்த அறை என் முறை, அதுலயும் செவ்வாய்க்கிழமை பெருக்க முடியாமப் போச்சு. அந்தப் பெட்டியோட நீல வெளிச்சம் கண்ணுக்கு ஆகாதுன்னு பெருக்கி முடிக்கற வரைக்கும் அதை அணைச்சுதான் வெப்பேன். ஆனா, நீங்க வர்ற சத்தம் கேட்டதும் மறக்காம திரும்பப் போட்டுடுவேன்மா, உங்க வேலை கெட்டுடக் கூடாதுல்ல?"