என்னை நோயாளிகளோடு உட்கார வைத்த கம்ப்யூட்டர்

அன்புள்ள தங்கை மகன் ஹார்லனுக்கு, டுலூத்திலிருந்து ஆர்னே மாமா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே ஏரி உறைந்து கல்லாகக் கிடக்கிறது, நானும் கல்லு மாதிரி இருக்கிறேன். அங்கே நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். என் மகள் சிக்ரிட் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக் கணக்குப் போடுகிறாளே, அந்த வேலை கம்ப்யூட்டரால்தான் ஆட்டம் காணும் என்று போன கிறிஸ்துமஸிலேயே, ஹெர்ரிங் மீனைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் சொன்னேன். யூரிக் ஆசிட் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்குமே, கவுட், அதைப் பற்றி ஆராய்ச்சி. ஒவ்வொரு நோயாளிக்கும் அதே வயதில், அதே தெருவில், நோயில்லாத ஒருவரை ஜோடி சேர்ப்பார்களாம். அவருக்குப் பெயர் கன்ட்ரோல். கவுட் வந்த என் மீன்பிடிக் கூட்டாளி உர்ஹோவுக்கு என்னைக் கன்ட்ரோலாகப் போட்டார்கள். சாதாரணப் பதவியா? ஆராய்ச்சியே என் கன்ட்ரோலில்தான் ஓடுகிறது என்று சர்ச்சில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். உர்ஹோதான் வயிற்றெரிச்சலில், "நீ எனக்குக் கன்ட்ரோலா? பீர் கிளாசையே உன்னால கன்ட்ரோல் பண்ண முடியலையேடா!" என்றான்.

எங்கள் ரத்தம், எடை, சாப்பாடு, வயது, தெரு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கொட்டி, ஒரே மாதிரி ஆட்களைக் கும்பல் கும்பலாகப் பிரிக்கச் சொன்னாள் சிக்ரிட். அது நோயைப் பார்க்காமல், சர்ச் விருந்தில் புருஷன் பெண்டாட்டி மாதிரி ஜோடி ஜோடியாக உட்கார வைத்துவிட்டது. "ஐயோ அப்பா, ஜோடி சேர்த்ததே வயசையும் தெருவையும் வெச்சுத்தான். அதையே திரும்ப உள்ள போட்டுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "தூக்கிப் போடும்மா அதை" என்று உத்தரவு போட்டேன், அதிகாரம் இருக்கிறதே. தூக்கினாள். நோயாளிகள் ஒரு பக்கம், கன்ட்ரோல்கள் ஒரு பக்கம் என்று கச்சிதமாய்ப் பிரிந்தார்கள். ஒரே ஒரு கன்ட்ரோல் மட்டும் உர்ஹோவை விட்டு நகர மாட்டேன் என்றது. நான்தான்!

"அப்பா, நெசமா சொல்லுங்க. கட்டைவிரல் வலிக்குதா?"

"எனக்கா? நேத்துகூட ஏரியில ஒத்தக் கால்ல நின்னு ஆள் உயர மீனை இழுத்தேன். உன் மெஷினுக்குத்தான் மூளை வீங்கியிருக்கு."

நம்பிவிட்டாள். அங்கேதான் வந்தது வினை. அப்பா சொல்வது சரியென்றால் தன் கணக்குதான் தப்பு என்று, சரியாகச் சாப்பிடாமல்கூட மொத்தத்தையும் மறுபடி மறுபடி போடுகிறாள். அவளுக்கு மேலே இருக்கும் டாக்டர் ஹால்வர்சன், "இந்த ஒரு ஆள் ஏன் இங்க இருக்கார்னு சொல்லு. இல்லேன்னா மாசக் கடைசிக் கூட்டத்துல ஆராய்ச்சியையே இழுத்து மூடிடுவேன்" என்கிறாராம். மூடினால் அவள் வேலையும் போகும். மெஷின் தப்பு என்று நானும் எத்தனை தரம்தான் சொல்வது?

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எல்லோரும் என்னைப் போலவே நோய்நொடி இல்லாமல் நூறு குளிர்காலம் காண ஆசீர்வதிக்கும்,
ஆர்னே மாமா

பி.கு.: மேலே எழுதியதில் மீன்கூட ஏறக்குறைய உண்மை. ஒற்றைக் காலில் நின்றதும் உண்மை, மற்றதை ஊன்ற முடியவில்லை. எனக்கு நோயில்லை என்றது மட்டும் நான் கட்டிவிட்ட கதை. கட்டைவிரல் தக்காளியாய் வீங்கி, போர்வை நுனி பட்டாலே உயிர் போகிறது. மெஷினும் சரி, பெண்ணின் கணக்கும் சரி. என் வாயால் சொல்ல வரவில்லை ஹார்லன். கூட்டத்துக்கு முன்னால் நீ அவளைப் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடு.