மைத்துனருக்காக வாங்கிய ஜீப்

வாயால் சொன்ன பொய்யை மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். இன்லண்டு லெட்டரில் எழுதிய பொய்க்கு அந்த வசதி கிடையாது. அதன்மேல் தபால் முத்திரை விழுகிறது, தேதி விழுகிறது, போய்ச் சேர்ந்த வீட்டில் அதைக் கம்பியில் குத்திப் பத்திரமாகத் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். இந்தச் சின்ன விஷயம் புரியாமல் நான் எழுதிய ஒரே ஒரு வரிக்காக ஒரு ஜீப் வாங்க வேண்டி வந்தது.

எழுபதுகளின் கடைசி. கல்கத்தா லேக் கார்டன்ஸில் ஒரு மாடிப் போர்ஷனில் நான், என் மனைவி ஜெயா, ஒன்பது வயது மகள் உமா மூவரும் குடியிருந்தோம். நான் ஒரு சணல் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தேன். (நான் எதையும் ஏற்றுமதி செய்யவில்லை. மற்றவர்கள் செய்ததை டைப் அடித்தேன்.) ஜெயாவின் அண்ணா சேஷாத்ரி மெட்ராஸில் ஒரு பெரிய கம்பெனியில் மானேஜர். மாதம் ஒரு கடிதம் எழுதுவார். அதில் க்ஷேம லாபம் ஒரு வரி, மீதியெல்லாம் அவர் பெருமை. ஒரு மாதம், குடும்பத்தோடு கொடைக்கானலில் கூடாரம் அடித்து மூன்று நாள் தங்கியதை விஸ்தாரமாக எழுதிவிட்டுக் கடைசியில், "உங்களுக்கு அந்த ஊரில் இப்படியெல்லாம் பொழுதுபோக்கு ஏது, பாவம்" என்று முடித்திருந்தார்.

அந்தப் 'பாவம்'தான் என்னைக் கெடுத்தது. உடனே பேனாவை எடுத்து, "நாங்கள் ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் ஜீப்பில் காட்டுக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவது வழக்கம்தான்" என்று பதில் எழுதினேன். அப்போது சக்கரம் வைத்த சொத்து என்று எங்களிடம் இருந்தது உமா தள்ளி நடந்த பழைய நடைவண்டி மட்டும். ஜெயா கடிதத்தைப் படித்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஒட்டிக் கொடுத்தாள்.

அடுத்த மாதமே பதில் வந்தது. டிசம்பரில் ஆபீஸ் வேலையாகக் கல்கத்தா வருகிறாராம். உங்கள் ஜீப்பிலேயே காட்டுக்குப் போய்விட்டு வரலாம் என்று எழுதியிருந்தார்.

அன்று ராத்திரி ஜெயா சாதம் போட்டுக்கொண்டே பேசினாள். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"கல்யாணமாகி பதினோரு வருஷமா எங்காத்துல என்னைப் பார்த்து எல்லாரும் பாவம்தான் பட்டுண்டிருக்கா. இந்த ஒரு லெட்டரைப் படிச்சுட்டு அம்மா தெருப் பூராச் சொல்லிண்டாளாம். அண்ணா வந்து ஜீப்பும் இல்லே, காடும் இல்லேன்னு பார்த்துட்டுப் போனா, அப்புறம் நான் அந்த ஆத்துப் படி ஏறமாட்டேன். என்ன பண்ணுவேளோ பண்ணுங்கோ."

நான் பண்ணினேன். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் டாலிகஞ்சில் பழைய வண்டி விற்கும் ஹால்தார் பாபுவிடம் அழைத்துப் போனார். அங்கேதான் அதைப் பார்த்தேன். ராணுவம் கழித்துக்கட்டிய ஜீப். யாரோ அதன் பின்பக்கத்தை வெட்டி இன்னும் ஆறடி நீட்டியிருந்தார்கள். அடியில் லாரிக்குப் போடுகிற கனத்தில் வில்லுப்பட்டைகள். எந்தச் சேற்றிலும் ஏறும் பெரிய டயர்கள். புத்தம்புது பச்சை பெயிண்ட், தொட்டால் ஒட்டியது. பின்னால், உட்புறம் முழுக்கத் தகடு அடித்த ஒரு நீண்ட பெட்டி. அதற்கு மரமூடி, மூடியின்மேல் நாலு பேர் உட்காரலாம். பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளையும் அதை அடைக்க ஒரு கட்டையும் இருந்தன.

எனக்குப் புல்லரித்துவிட்டது. முகாம் போவதற்கென்றே பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஹால்தார் பாபுவைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த மனிதர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பெட்டி எதற்கு என்று கேட்டேன், "உள்ளே எதை வைத்தாலும் ஃப்ரெஷ்ஷாக இருக்கும்" என்றார். வண்டி அதிகம் எங்கே ஓடியது என்று கேட்டேன், "எல்லாம் ஆற்றங்கரைப் பக்கம்தான்" என்றார். ஹார்னை அடித்துக் காட்டச் சொன்னேன், எருமை கத்துவது மாதிரி இருந்தது. "ரெண்டு தடவை அடியுங்கள், ஆட்கள் ஓடி வருவார்கள்" என்றார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். (எதற்காகப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். எல்லோரும் பார்க்கிறார்கள்.) இதற்குமுன் இந்த வண்டியில் என்ன ஏற்றினீர்கள் என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

மூக்கு எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். கல்கத்தாவில் குடியேறுகிற சைவத் தமிழன் முதலில் கற்றுக்கொள்வது வங்காளி மொழி இல்லை, மூக்கை அணைத்து வைப்பது. கீழ்ப் போர்ஷன் பௌதி (அண்ணியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) காலையில் ஒரு மீன் வறுப்பாள், மத்தியானம் ஒரு மீன் குழம்பு, சாயங்காலம் விருந்தாளி வந்தால் அவருக்குத் தனியாக இன்னொன்று. முதல் வருஷம் ஜன்னலைச் சாத்தினோம், இரண்டாம் வருஷம் ஊதுவத்தி ஏற்றினோம். மூன்றாம் வருஷத்தோடு எங்கள் மூக்குகள் ராஜினாமா கொடுத்துவிட்டன. மல்லிகைப்பூ தெரியும், பெருங்காயம் தெரியும். மீன் மட்டும் தெரியாது. ஆகவே என் குடும்பமே அந்த வண்டிக்குள் ஏறி இறங்கி, பெயிண்ட் வாசனை கொஞ்சம் தூக்கல் என்று மட்டும் அபிப்பிராயம் சொன்னது. ஜெயா பெட்டியைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவி, நடுவில் குங்குமமும் வைத்தாள்.

மூன்று வாரம் விடியற்காலையில் ஏரியைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினேன். தெருவில் உள்ள பூனையெல்லாம் எங்கள் வாசலுக்குக் குடிவந்தன. ராசியான வண்டி, பிராணிகளுக்குக்கூடத் தெரிகிறது என்று ஜெயாவிடம் சொன்னேன்.

ஹௌரா ஸ்டேஷனில் சேஷாத்ரி இறங்கினார். மெட்ராஸிலிருந்து புதிதாக வந்த மூக்கு. ஜீப்பில் ஏறியதும் இரண்டு தடவை முகர்ந்து, "என்ன மாப்பிள்ளை, ஒரு மாதிரி வாடை வரது?" என்றார். ஹூக்ளி என்றேன். லேக் கார்டன்ஸ் வந்ததும் மறுபடி முகர்ந்தார். ஏரி என்றேன். ராத்திரி வாசலில் நின்ற ஜீப்பைச் சுற்றி வந்து முகர்ந்தார். கீழ்ப் போர்ஷன் என்றேன். அது பாதி உண்மையாக இருந்ததால் மனசாட்சி உறுத்தவில்லை.

மறுநாள் ஜார்கிராம் சால மரக் காட்டுக்குக் கிளம்பினோம். கூடாரத்தைப் பக்கத்துத் தெரு டெக்கரேட்டரிடம் வாடகைக்கு எடுத்திருந்தேன். கல்கத்தாவில் கல்யாணத்துக்கும் பூஜைக்கும் பந்தல் போடுகிறவரைத்தான் டெக்கரேட்டர் என்பார்கள். அதனால் எங்கள் கூடாரம் சிவப்பும் மஞ்சளுமாக, விளிம்பில் ஜாலர் வைத்து, முந்தின வாரம் யாருக்கோ கல்யாணம் நடந்த அடையாளங்களுடன் இருந்தது. காட்டு மிருகங்கள் தூரத்திலிருந்தே கவனிக்க வசதியாக என்று விளக்கினேன். சேஷாத்ரி தலையாட்டினார்.

இவ்வளவு சுத்தமான பெட்டி இருக்கும்போது பாத்திரம் எதற்கு என்று ஜெயா உள்ளே வாழையிலைகளை விரித்து, அறுபது இட்லிகளை மிளகாய்ப்பொடி தடவி நேரடியாகவே அடுக்கியிருந்தாள். பக்கத்தில் இன்னொரு இலையில் புளியோதரை மலை. சாந்த்ராகாச்சி தாண்டி ஒரு மரத்தடியில் நிறுத்திச் சாப்பிட்டோம். சேஷாத்ரி ஆறு இட்லி சாப்பிட்டார். ஆறாவதை மெல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு, "ஜெயா, அம்மா கையில்கூட இப்படி ஒரு ருசி வந்ததில்லை. தனியா ஏதோ சேர்க்கறே, சொல்லமாட்டேங்கறே" என்றார். ஜெயா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பதினோரு வருஷத்தில் அவள் அண்ணா அவளைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் ஜெயித்துவிட்டவனைப் போல ஓட்டினேன்.

கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றுக்குப் பக்கத்தில் சந்தை கூடியிருந்தது. வழியை அடைத்துக்கொண்டு கூட்டம். நான் ஹார்னை இரண்டு தடவை அடித்தேன்.

ஹால்தார் பாபு சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. ஆட்கள் ஓடி வந்தார்கள். நான் பிரேக்கை மிதிப்பதற்குள், தலையில் ஈரக் கூடைகளோடு நாலு பேர் வண்டியின் பின்னால் ஏறி, மூடியின்மேல் குல்லாயும் மஃப்ளருமாக அரைத்தூக்கத்தில் இருந்த சேஷாத்ரியை மரியாதையாகத் தூக்கி ஓரமாக உட்காரவைத்துவிட்டு, மூடியைத் திறந்து, இரண்டு கூடை ரோகு மீனைப் பெட்டிக்குள் கவிழ்த்தார்கள். அதன்மேல் ஐஸ் கொட்டினார்கள். எல்லாம் புளியோதரையின் மேல். ஒரு மீன் மட்டும் உயிர் போகாமல் துள்ளி சேஷாத்ரியின் மடியில் விழுந்தது.

அப்புறம்தான் பெட்டியில் இலை இருப்பதையும் வண்டியில் புது ஆட்கள் இருப்பதையும் பார்த்துவிட்டு, வேஷ்டியை மடித்துக் கட்டிய மீன் வியாபாரி ஒருவர் ஓடி வந்து எங்களிடம் வங்காளியில் மூச்சுவிடாமல் பேசினார். எனக்குப் புரிந்துவிட்டது. புரியாததுபோல இருந்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் உமா வங்காளிப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். தமிழைவிட அதுதான் அவளுக்குச் சுலபம். யாரும் கேட்காமலே மாமாவுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தாள்.

"மாமா, இது இவா மாச் வண்டியாம், மீன் வண்டி. எட்டு வருஷமா வாரா வாரம் இங்கே வந்து மீன் ஏத்திண்டு போகுமாம். போன மாசம்தான் வித்தாளாம். ரெண்டு ஹார்ன் அடிச்சா லோட் பண்ணணும்னு அர்த்தமாம். தெரியாம பண்ணிட்டோம், மன்னிச்சுக்கோன்னு சொல்றார்."

சேஷாத்ரி மடியிலிருந்த மீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "போன மாசம்தானா?" என்று கேட்டார். "அப்போ வருஷா வருஷம் நீங்க காட்டுக்குப் போனது எதுலே மாப்பிள்ளை?"

ஜெயாவைப் பார்த்தேன். சற்று முன்பு சிரித்த அந்த முகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜீப் வாங்கத் தெரிந்த முட்டாளுக்கு, மனைவியைத் தலைகுனிய வைக்காமல் இருக்கத் தெரியவில்லையே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

தலையை நிமிர்த்தியவள் அவள்தான்.

"ஆமாம் அண்ணா, பொய்தான். ஒரு வருஷமும் போகலை. நீ பாவம்னு எழுதினே, இவர் ரோஷத்துல எழுதிட்டார். போய் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லு. சொல்றபோது, இந்தப் பெட்டியிலே இருந்து எத்தனை இட்லி சாப்பிட்டேங்கறதையும் சேர்த்துச் சொல்லு."

சேஷாத்ரியின் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. என் மாமியார் எப்படிப்பட்டவர் என்றால், ஓட்டலில் காப்பி குடித்துவிட்டு வந்தவர்களையே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் கூடத்துக்குள் விடுவார். எட்டு வருஷம் மீன் ஏற்றிய பெட்டியில் வைத்த இட்லியை, அம்மா கையைவிட ருசி என்று வேறு சொல்லிச் சாப்பிட்ட பிள்ளையை என்ன செய்வார் என்று நினைத்துப் பார்க்கவே நாங்கள் மூவரும் விரும்பவில்லை.

அவர் எழுந்து நேரே ஆற்றுக்குப் போனார். டிசம்பர் குளிரில் ரூப்நாராயணில் மூன்று முழுக்குப் போட்டார். நடுங்கிக்கொண்டே திரும்பி வந்து, பல் கிட்டித்த நிலையில், "மாப்பிள்ளை, இது மெட்ராஸுக்குப் போகப்படாது" என்றார். எதைச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஜார்கிராம் போகவில்லை. மீன் வியாபாரி செய்த பாவத்துக்குப் பரிகாரமாக ஆற்றங்கரையில் தன் இடத்திலேயே எங்கள் கல்யாணக் கூடாரத்தை ஆள் வைத்து அடித்துக் கொடுத்தார். பொரியும் புது வெல்லமும் பாலும் அனுப்பினார். சேஷாத்ரி பாத்திரத்தை மூன்று தடவை முகர்ந்துவிட்டுச் சாப்பிட்டார். உமா மணலில் விளையாடினாள். ஜெயா ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அவ்வளவு நன்றாக ஒரு நாள் எங்களுக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. ஜீப்பை அந்த வியாபாரியே திரும்ப வாங்கிக்கொண்டார். நாங்கள் ரயிலில் ஊர் வந்தோம். வண்டிக்கும் நிம்மதி.

மறு கோடை விடுமுறையில் மெட்ராஸ் போனோம். மாமியார் வீட்டுக் கூடம் நிறைய உறவுக்காரர்கள். நடுவில் சேஷாத்ரி, கல்கத்தாப் பக்கத்துக் காட்டில் கூடாரம் அடித்துத் தங்கியதை விவரித்துக்கொண்டிருந்தார். முன்னாலேயே பலமுறை சொல்லியிருக்க வேண்டும், எங்கே நிறுத்தினால் எல்லோரும் மூச்சைப் பிடிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கதையில் புலிகள் இருந்தன. ஜெயா முதுகை நேராக வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். "ஏன் மாப்பிள்ளை, நிஜமாவே மூணு புலியா?"

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. சேஷாத்ரி என்னைப் பார்த்த பார்வையை என் ஆயுளில் மறக்க மாட்டேன். மானேஜர் பதவி, கொடைக்கானல் எல்லாவற்றையும் என் காலடியில் வைக்கிற பார்வை அது.

"மூணு இல்லை, நாலு," என்றேன். "ஒண்ணு ஜீப்புக்குப் பின்னாடி நின்னுண்டிருந்தது. அவர் தூங்கிண்டிருந்தார், பார்க்கலை."

இப்போது எனக்கு எழுபத்தைந்து ஆகிறது. வீட்டில் யாராவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால், "இது நாலாவது புலியா?" என்று உமா கேட்காமல் விடமாட்டாள். போன வாரம் டாக்டரிடம் தினம் நாலு கிலோமீட்டர் நடக்கிறேன் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொள்வதற்குள் பின்னாலிருந்து ஜெயாவின் குரல் வந்தது: "மூணு புலியைக் கழிச்சுட்டு எழுதிக்கோங்கோ டாக்டர்."