மாமனார் நிமிர்ந்து நின்ற வேன்

கோபமாக இருக்கும்போது நான் அளவெடுக்கக் கூடாது. ஒரு தச்சன் வெளியே சொல்லக் கூடாத விஷயம்தான், ஆனால் உண்மை. கோபம் வந்துவிட்டால் டேப்பில் எந்தப் பக்கம் இஞ்சு, எந்தப் பக்கம் சென்டிமீட்டர் என்பதே எனக்குத் தெரியாது. 2005இல் எனக்கு இருபத்தாறு வயது. அந்த வருஷம் முழுக்கக் கோபமாகவே இருந்தேன்.

காரணம் என் மாமனார். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்தவர். அவரைக் கேட்காமலே அவர் மகள் கலைச்செல்வியைக் கல்யாணம் செய்துகொண்டேன். குயிலாப்பாளையத்தில் ஒரு முந்திரித் தோப்புக்குள், பழைய வேன் ஒன்றில் எங்கள் குடித்தனம். ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் எனக்கு விட்டுப்போன வண்டி. என்னைவிட வயதில் மூத்தது, வட்ட மூஞ்சி. உள்ளே மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு, சோப்பு டப்பா அளவில் ஒரு சிங்க். ஒருவர் சட்டை மாட்ட இன்னொருவர் கீழே இறங்கி நிற்க வேண்டும். (புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை.)

எட்டு மாதம் பேசாமல் இருந்த மாமனார் ஒருநாள் மாமியாரோடு வந்தார். வேனுக்குள் ஏறியதும் டங்கென்று தலையை இடித்துக்கொண்டார்.

"நிமிந்து நிக்கக்கூட முடியாத எடத்துல எம் பொண்ணு குடும்பம் நடத்துறா" என்று மாமியாரிடம் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

கூரையை உயர்த்திக் காட்டுகிறேன் என்று மறுநாளே கிளம்பினேன். கூனிமேட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த காதர் பாய் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, இந்த வண்டிய புடிச்சி வெச்சிருக்கறதே கூரைதான். மொதல்ல உள்ள இரும்புல ஒரு பிரேம் போடுவோம், அப்புறமா அறுக்கலாம். இல்லன்னா பாடி அகண்டு கதவு சிக்கிக்கும். பத்து நாள் பொறுங்க."

"பத்து நாள்லாம் ஆவாது பாய். நான் எவ்ளோ வேல பாத்திருக்கேன்."

"அது மரம் தம்பி, இது தகரம்."

அந்த வார்த்தையில் எனக்கு இன்னும் ஏறிவிட்டது. அவருடைய கட்டிங் மெஷினையே இரவல் வாங்கி வந்து கூரையை நடுவில் அறுத்தேன். பிளைவுட்டில் பெட்டி போல ஒரு மூடி செய்து, ஒரு பக்கம் கீல் வைத்து, சுற்றிலும் கித்தான் அடித்தேன். இன்னும் இடம் சேர்க்கிறேன் என்று முன்சீட்டுக்குப் போகும் வழியை ஓர் அலமாரியால் அடைத்தேன். மூடியைத் தூக்கியதும் கலை உள்ளே நின்று இரண்டு கைகளையும் மேலே நீட்டிச் சோம்பல் முறித்தாள். எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் அப்படி நின்று பார்த்தேன்.

பக்கக் கதவைத் திறக்க மட்டும் இரண்டு உதை கொடுக்க வேண்டியிருந்தது. "புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்றேன். (நாற்பது வருஷ வண்டி.)

அந்த ஞாயிறு மத்தியானம் மாமனாரின் உப்புப் பாத்திகளுக்குப் பக்கத்து மண்பாதையில் வேனை நிறுத்தி மூடியைத் தூக்கினேன். மாமனாரும் மாமியாரும் ஏற, பின்னால் நாங்களும் ஏறினோம். வீடு போலத் தெரியட்டும் என்று கலை கதவைச் சாத்தினாள். மாமனார் மெதுவாக, சந்தேகத்தோடு நிமிர்ந்தார். இடிக்கவில்லை.

"பரவாயில்லயே" என்றார். என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

கடற்காற்று அப்போதுதான் கிளம்பியது. மூடியின் வாய் கடலைப் பார்த்து இருந்தது. (நிறுத்தியது நான்தான்.) கித்தானும் கீலும் பிய்ந்து, மூடி அப்படியே எழும்பி, மறுநாள் வாருவதற்கு விளைந்திருந்த பாத்தியில் போய் விழுந்தது. வெள்ளை உப்போடு அடிச்சேறு கலங்கியது. வேனுக்கு மேலே தலையை நீட்டி மாமனார் எல்லாவற்றையும் பார்த்தார்.

"கதவத் தொற."

இழுத்தேன், உதைத்தேன். கைப்பிடி கையோடு வந்தது. நாலு பேர் பாரத்தில் பாடி அகன்றுவிட்டது. முன்பக்கம் என் அலமாரி.

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். "ஏம்பா, மொதலாளிய என்னாத்துக்கு டப்பாவுல அடச்சி வெச்சிருக்க?" என்று ஒரு அம்மா கேட்டார். உப்பு மூட்டைகளை அடுக்கிப் படி கட்டினார்கள். மாமனார் என் தோளில் கால் வைத்து, கூரை வழியாக, வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி இறங்கினார். பின்னாலேயே மாமியார், அப்புறம் நான்.

என் கால் தரையில் பட்டதும் மாமனார் கத்த ஆரம்பித்தார். "ஒரு மூடி போடத் தெரியல, உனக்கு எதுக்குடா குடும்பம்?"

நானும் கத்தினேன். "எட்டு மாசம் பேசாதவரு இப்ப மட்டும் எதுக்குப் பேசுறீங்க?"

கூரை வழியாகத் தலையை நீட்டி நின்ற கலை எங்கள் இருவரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. இதுல குடும்பம் நடத்தறவ நானு. எனக்கு எவ்ளோ எடம் வேணும்னு அப்பாவும் கேக்கல, நீங்களும் கேக்கல. உங்க ரெண்டு பேரு வீம்புக்கு என் வீட்ட அறுத்து வெச்சிருக்கீங்க."

மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினார். நானும் இறங்கினேன். மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, தேறிய உப்பைப் பொழுது சாயும் வரை வாரினோம். மறுவாரம் காதர் பாயைக் கூட்டிவந்து பிரேம் போட வைத்தது மாமனார்தான். உயரம் எவ்வளவு என்று பாய் கேட்டதும், நாங்கள் இரண்டு பேரும் கலையைப் பார்த்தோம்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கதவு சிக்கினாலும் யாராவது ஒருவர், "மூட்ட எடுத்தாங்கப்பா" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். போன மாதம் புதுச்சேரியில் நானும் மாமனாரும் ஏறிய ஒரு லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. முன்பின் தெரியாத நாலு பேர் பட்டனை மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தார்கள். மாமனார் மட்டும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டார்:

"தோளக் குடுக்கறீங்களா மாப்ள?"