அப்பாவின் சாம்பலும் முகம் தெரியாதவன் சொன்ன வழியும்

பெற்ற அப்பாவைக் கடைசியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடத்துக்கு, பெயர்கூடத் தெரியாத ஒருவனிடம் வழி கேட்டவன் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கப்பட்டு இனி என்ன ஆகப்போகிறது?

2006, தை மாதம். சென்னை ஆஸ்பத்திரியில் அப்பா என் கையைப் பிடித்து, "என்னை மரக்காணம் கடல்ல கரைச்சிடுப்பா, வேற எங்கயும் வேணாம்" என்றார். நாலாம் நாள் போய்விட்டார். அவர் எனக்குக் கடைசியாகச் சொன்ன வேலை அது ஒன்றுதான்.

மரக்காணத்துக்குப் பக்கத்திலேயே பெருமுக்கலில் சித்தப்பா இருந்தார். காரியத்தன்று அவரும் ஐயரும் நேராகக் கடற்கரைக்கு வந்துவிடுவதாக அம்மாவிடம் பேச்சு. அவருக்கு ஒரு போன் போட்டிருந்தால் வழி சொல்லியிருப்பார். ஆனால் ஐயா கம்ப்யூட்டர் கம்பெனி ஆசாமி ஆச்சே! பிரவுசிங் சென்டருக்குப் போய், ஊர் சுற்றுகிறவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் கேள்வி போட்டேன். "மரக்காணம் கடற்கரைக்குக் காரில் எப்படிப் போவது?"

"முதலில் மேப்பைப் பாருங்க சார்" என்று ஒருவர் எழுதினார். (எனக்குக் கோபம் வந்தது. மேப் பார்க்கத் தெரியாதவனா நான்?) இன்னொரு புண்ணியவான், "ஊர் தாண்டினதும் இடது பக்கம் உப்பளம். உள்ளே மண் பாதை. நேரா கடல், கார் ஜோரா போகும்" என்றான். அதை பிரின்ட் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள். நண்பனின் காரில் நான், பின் சீட்டில் அம்மா, அம்மா மடியில் மஞ்சள் துணி கட்டிய மண் கலசம். உச்சிக்கு முன்னால் கரைத்தாக வேண்டும். உப்பளத்துக்குள் திரும்பினேன். பாதை ஒடுங்கிக்கொண்டே போய் வரப்பு ஆனது. வரப்பு சரிந்து, முன்சக்கரம் இரண்டும் உப்புப் பாத்திக்குள் இறங்கின.

"சித்தப்பாவுக்குப் போன் பண்ணுடா" என்றாள் அம்மா.

"எதுக்கும்மா? தோ பாரு, கடல் தெரியுது. நடந்துடலாம்."

கலசத்தை வாங்கிக்கொண்டு பாத்தியில் கால் வைத்தேன். களிமண், மேலே கணுக்கால் அளவு தண்ணீர். நாலாவது அடியில் மல்லாந்தேன். கலசம் வரப்பில் மோதி உடைந்தது. அப்பா தண்ணீரில் சாம்பல் நிறமாகப் பரவினார். வாரி வாரி எடுக்கப் பார்த்தேன். சேறுதான் வந்தது.

தலைத்துணி கட்டிய ஓர் அக்கா தூரத்திலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"டேய்! மூணு வாரமா மிதிச்சி இறுக்கின பாத்திடா! நேத்துதான் தண்ணி கட்டனோம். கண்ணு அவிஞ்சா போச்சி?"

"கடலுக்குப் போறோம்க்கா..."

"இப்டி கடலுக்கு ஏதுய்யா வழி? அங்க தெரியறது கால்வாய்! எவன் சொன்னான் உனக்கு?"

நான் சட்டைப் பையிலிருந்த ஈரக் காகிதத்தை எடுத்து நீட்டினேன். (நம்புங்கள், நிஜமாகவே நீட்டினேன்.) அவர் அதைப் பார்க்கவில்லை. மஞ்சள் துணியைப் பார்த்தார். தலைத்துணியை அவிழ்த்துவிட்டார்.

"ஐயோ... யாருப்பா?"

"அப்பா."

அம்மா காரிலிருந்து இறங்கவே இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்பா சொன்ன ஒரே ஒரு வேலை! அந்தப் பாத்தியிலேயே நானும் கரைந்துவிட்டால் தேவலை என்று இருந்தது.

அந்த அக்கா மண்வெட்டியால் மடையை வெட்டினார். "அழாதம்மா. இந்தத் தண்ணி கால்வாய்க்குப் போவும், கால்வாய் கடலுக்குப் போவும். கொஞ்சம் சுத்திக்கினு போவாரு, அவ்ளோதான்."

அவருடைய மூன்று வார உழைப்பும் அந்தத் தண்ணீரோடு சேர்ந்துதான் போனது. அதைப் பற்றி அப்புறம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடற்கரையில் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, வழியெல்லாம் விசாரித்துக்கொண்டு சித்தப்பா உப்பளத்துக்கே தேடி வந்தார். ஓட்டுச் சில்லில் ஒட்டியிருந்த ஒரு பிடியைத்தான் அவர் கடலில் கரைத்தார். திரும்பி வந்து, "பாத்திய மிதிச்சிக் குடுத்துட்டு ஊருக்குப் போ" என்றார். மொட்டைத் தலையோடு ஐந்து நாள் மிதித்தேன். கால் இரண்டும் வெடித்துப் போயின. அப்பா எவ்வளவு கடலுக்குப் போனார், எவ்வளவு அங்கேயே தங்கினார் என்பதை எந்த இணையக் குழுவில் கேட்பது?

அன்றிலிருந்து அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. சித்திரையில் ஒரு நாள் மதியம், என் மனைவி வைத்த குழம்பு வாயில் வைக்க முடியாத உப்புக் கரிப்பு. அம்மா ஒரு வாய் தின்றாள், நிமிர்ந்தாள்.

"வந்துட்டாருடா உங்கப்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பா போனபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். இன்றும் எங்கள் வீட்டில் குழம்பில் உப்புக் கூடினால் யாரும் குறை சொல்வதில்லை. "அப்பா வந்திருக்காரு" என்று இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வோம்.